கங்காணி முதுகில் ஊதா வட்டம்

போடிமெட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் டிஸ்பென்சரியில் நான் கம்பவுண்டராகச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கொழுந்தெடுக்கிற ஞானம்மா வந்தாள். உள்ளே வராமல் வாசலில் நின்றே பேசினாள்.

"தூக்கமே இல்லய்யா. நெஞ்சு படபடன்னு அடிக்கி. கஞ்சி தொண்டையில எறங்கல."

கையில் நாலைந்து வெளுத்த திட்டுகள். பெருநோய், குஷ்டம் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கப் பேச்சு. குழாயில் தண்ணீர் பிடிக்கவும் விடவில்லை. கண்ணை மூடச் சொல்லித் திட்டுகளைப் பஞ்சால் தொட்டேன். பெருநோய்த் திட்டு என்றால் மரத்திருக்கும்; இவள் தொட்ட இடத்தையெல்லாம் சரியாகச் சொன்னாள். சுரண்டினால் தவிடு மாதிரி உதிர்ந்தது. வெறும் தேமல். அதற்குக் களிம்பு கொடுத்தேன். படபடப்புக்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

மறுநாள் அவளை வேலை வாங்கும் கங்காணி சவரிமுத்து வந்தார்.

"தம்பி, அவளுக்குப் பெருநோய்னு ஒரு சீட்டு எழுதிக் குடும். பேரை வெட்டி ஊருக்கு அனுப்பிருதேன்."

"வெறும் தேமல், அண்ணாச்சி."

"நேத்து வந்த ஆளு நீரு. ஒமக்கு என்ன தெரியும்?"

பேசும்போதே அவர் கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் குறும்பு வந்துவிட்டது.

"சரி அண்ணாச்சி. ஆனா அவகிட்ட நின்னு வேலை வாங்குனவங்களையும் பாக்கணும். சட்டையக் கழத்துங்க."

நினைத்தது சரி. முதுகு முழுக்கத் தேமல். 'ப்ச்' என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒவ்வொரு திட்டைச் சுற்றியும் ஊதா மருந்தால் வட்டம் போட்டேன். கழுத்தில் ஒன்றைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.

"என்ன தம்பி இது?"

"வெள்ளிக்கிழமை டாக்டர் வந்து சொல்லுவாரு. அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

அவர் மூச்சு விடவில்லை. கழுத்து வட்டம் எல்லோருக்கும் சொல்லிவிட்டது.

வியாழக்கிழமை மத்தியானம் கண் உள்ளே போய் வந்து நின்றார். "பொஞ்சாதி தட்டைத் தனியா வச்சுட்டா, தம்பி. தூக்கம் இல்ல. நெஞ்சு படபடன்னு அடிக்கி."

"ஞானம்மாவும் இதேதான் சொன்னா, அண்ணாச்சி. ரெண்டு பேருக்கும் ஒரே தேமல்தான்."

வாய் நிறைய வைதார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். மறுநாள் காலை ஆளெண்ணும் இடத்தில் சட்டையைக் கழற்றி, எல்லோருக்கும் முதுகைக் காட்டி, "தேமல்வே, வெறும் தேமல்!" என்று கத்தினார். ஞானம்மாவைத் தானே குழாயடிக்குக் கூட்டிப்போனார். அவள் குடத்தை இறக்கிவிட்டு என்னைப் பார்த்து, "வட்டம் நல்லாப் போட்டிருக்கீய, கம்பவுண்டரய்யா" என்றாள்.

அன்று வந்த டாக்டர் கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். சிரித்து முடித்துக் கேட்டார்: "அவளுக்கு நெசமாவே அந்த நோய் இருந்திருந்தா? அப்பவும் அவ தண்ணி பிடிக்கணுமில்ல? என்ன சொல்லிப் பிடிக்க வச்சிருப்பே?"

அந்த நோயின் பேரைக் காட்டித்தான் நானும் கங்காணியை மிரட்டியிருந்தேன்.

அடுத்த வாரம் லயம் லயமாகப் போய், பெருநோய்க்கு மருந்து வந்துவிட்டது, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தால் ஒட்டாது என்று சொல்லத் தொடங்கினேன். யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் நம்பவும் இல்லை. கங்காணியைத் திருத்த எனக்கு நாலு நாள் போதுமாயிருந்தது. இந்த வேலையை ஓய்வு பெறும்வரை செய்தேன். முடிந்தபாடில்லை.