கவிழ்த்து வைத்த வட்டில்

யுத்தம் வந்து மலேயாக் கடிதங்கள் நின்றுபோயிருந்த சமயம். புதுக்கோட்டையில் எங்கள் கல்லூரி வாத்தியார், கறம்பக்குடிப் பக்கம் கடல் தாண்டிப் போனவர்களைப் பற்றி எழுதி வரச் சொன்னார். யார் போனது, எங்கே, எதற்கு என்று வீட்டுத் தலைவரைக் கேட்க வேண்டும். கேட்டேன். வீட்டுக்கு வீடு ஒரே பதில், ஆம்பளைங்க பொழைக்கப் போனாங்க. அந்தப் பதில்களை நம்பினால் பெண் ஒருத்திகூட ஊரைவிட்டு நகரவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பக்கம் வெளியூர் போனவரின் பித்தளை வட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார்கள். அவர் திரும்பும்வரை வேறு யாரும் அதில் சாப்பிடுவதில்லை. கேள்வித் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனேன். கவிழ்த்திருக்கும் வட்டிலைக் காட்டுங்கள், அதில் சாப்பிட்டவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன்.

முதல் தெருவிலேயே வினை. சண்டைக்குப் பித்தளை பிடுங்க ஒரு பெண் வந்திருக்கிறாள் என்று சேதி பரவி, அண்டா குண்டானெல்லாம் வைக்கோல் போருக்குள் போய்விட்டன. "எங்க வீட்டுல மண்சட்டிதான் பாப்பா, அங்கிட்டுப் போய்ப் பாரு" என்றார் ஒருவர். அவர் முதுகுக்குப் பின்னால் வைக்கோலில் ஒரு குடத்தின் வாய் தெரிந்தது.

நான் விடவில்லை. மறுநாளும் போய், ஒன்றையும் எடுக்காமல் வெறும் கையோடு திரும்பிக் காட்டினேன். பிறகுதான் வட்டில்கள் வெளியே வந்தன.

ஒரு வீட்டில் இரண்டு கவிழ்ந்திருந்தன. ஒன்று மலேயாவில் அகப்பட்டுக்கொண்ட தம்பியுடையது என்றார் வீட்டுக்காரர். மற்றது சும்மா கிடக்கிறதாம். தம்பி மனைவி புருஷன் பின்னால் போனாள், யுத்தத்துக்கு முன்பே வந்துவிட்டாள், அதை எழுத வேண்டியதில்லை என்றார்.

அவள் அடுப்படியிலிருந்து வந்தாள்.

"அது என்னோடது. ரப்பர்ப் பால் எடுக்க அவருக்கு முன்னாடி எந்திரிச்சுப் போனவ நானு. சண்டை முடிஞ்சதும் திரும்பப் போறேன். அதுவரைக்கும் எலையிலதான் திங்கிறேன்."

"ஊரு சிரிக்கும், எழுதாத" என்றார் அவர்.

"எழுது ஆத்தா" என்றாள்.

வகுப்பில் வாத்தியார் நான் எழுதியதைப் படித்துவிட்டுச் சிவப்பு மையைத் திறந்தார். வீட்டுத் தலைவர் சொல்லாதது செல்லாது, அந்தப் பெண் சொன்ன பக்கத்தை எடுத்துவிடு என்றார்.

"போனது அவர் இல்லையே சார்" என்றேன்.

என்னை உட்காரச் சொன்னார். நின்றபடியே அந்தப் பக்கத்தை உரக்கப் படித்து முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.