அக்கா சொன்ன தங்கச்சி

காலை ஆறு பத்து. றொசல்ல ஸ்டேஷனில் முதலில் கண்ணில் பட்டது ஒரு சிவப்பு ரிப்பன். அக்காவின் மகள் அதைத் தன் தலையிலிருந்து உருவி, மேடையின் சிமெந்துத் தரையில் தண்டவாளத்துக்கு இணையாக நீட்டி வைத்துக்கொண்டிருந்தாள். காற்று ஒரு முனையைத் தள்ளியபோதெல்லாம் மறுபடி நேராக்கினாள். அக்கா அவளுடைய சட்டையின் பின்பக்கத்தைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தாள்.

1985 ஒக்டோபர். பிள்ளைக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தது. நானுஓயா வரை ரயிலிலும் அங்கிருந்து பஸ்ஸிலுமாக நாங்கள் மூவரும் நுவரெலியாவுக்குப் போனோம். மாதத்தில் ஒரு நாள் கண்டியிலிருந்து பிள்ளைகளுக்கான டொக்டர் ஒருவர் அங்கே வந்து பார்ப்பார் என்று சொல்லியிருந்தார்கள்.

போனதற்குக் காரணம் ஓகஸ்டில் நடந்தது. தாய்மார் தேயிலைக் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவிலிருந்து அவள் காணாமல் போனாள். தோட்டத்து ஆட்கள் தேயிலைக்குள்ளும் ஓடையிலும் தேடினார்கள். கடைசியில் ரயில்பாதை வேலைக்காரர் ஒருவர் தூக்கிக்கொண்டு வந்தார். தண்டவாளத்துக்கு நடுவில் சிலிப்பர் கட்டை ஒவ்வொன்றிலும் கால் வைத்து வட்டவளைப் பக்கம் நடந்துகொண்டிருந்திருக்கிறாள். பின்னாலிருந்து கூப்பிட்டும் திரும்பவில்லையாம். காது கேட்காத பிள்ளையா என்று அவர் கேட்டார். காது கேட்கும். பக்கத்து வீட்டில் டொபி மிட்டாயின் உறையைப் பிரித்தால் கேட்கும்.

அக்காவின் கணவர் தேயிலை ஃபெக்டரியில் வேலை. அவர் மாதா கோயில் பாதரிடம் பேசி, கண்டியில் சிஸ்டர்மார் நடத்தும் ஓர் இல்லத்தில் பிள்ளைக்கு இடம் வாங்கியிருந்தார். அக்காவுக்கு அனுப்ப மனமில்லை. டொக்டர் ஒரு முறை பார்க்கட்டும் என்று மட்டும் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் வைத்துப் படிக்கவைக்கலாம் என்று அவர் எழுதித் தந்தால் பிள்ளை வீட்டில் இருக்கும். இல்லாவிட்டால் வருகிற ஞாயிற்றுக்கிழமை கண்டி. அதற்குமேல் இல்லத்தில் இடத்தை வைத்திருக்க மாட்டார்கள்.

மச்சானைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "தண்டவாளத்துல பொறுக்கி எடுக்கிறதுக்கு, கண்டியில உசுரோட இருக்கட்டும்."

அவருடைய அம்மாவுக்கும் அதே எண்ணம். நான் இடையில் ஏதோ சொல்லப்போனபோது, "ஒனக்கென்னா, புள்ளயா குட்டியா? பேப்பருக்கு எழுதிப்புட்டு படுத்துருவ" என்றார்.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். கொழும்புத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தியும் அனுப்பினேன். மண்சரிவு, மாதா திருவிழா, பஸ் ஓடாத பாதை. என் செய்திகளைத் திருத்திய உதவி ஆசிரியர் ஒருவர் யார், எங்கே, எப்போது, என்ன என்பதை முதல் பந்தியில் எழுதச் சொல்லிக் கொடுத்திருந்தார். எப்படி உணர்ந்தார்கள் என்பதை எழுத வேண்டாம் என்றார். அந்த வேலை எனக்குச் சரியாக இருந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பெண்கள் என்னை ரேடியோ என்று கூப்பிடுவார்கள். செய்தி அனுப்புவதால் வைத்த பெயர் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் ஈரக்குடைகளும் ஃபினைல் வாடையுமாக இருந்தது. பிள்ளை கையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டேன். எங்கள் முறை வந்தபோது கதவடியில் நின்ற உதவியாளர், தாயும் பிள்ளையும் மட்டும்தான் உள்ளே போகலாம், சொந்தக்காரர்கள் வெளியே நிற்க வேண்டும் என்றார். அக்கா தன்னுடைய சந்தைச் சிங்களத்தில், இவர் பள்ளிக்கூடத்து டீச்சர், மொழிபெயர்க்க வந்திருக்கிறார் என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. தங்கை என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

டொக்டர் சிங்களவர். ஐம்பது வயதிருக்கும். கொஞ்சம் மரக்கட்டைகளைத் தரையில் கொட்டினார். பிள்ளை உட்கார்ந்து அவற்றைச் சுவரோரமாக வரிசையாக வைக்கத் தொடங்கினாள். அவர் அதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுக் கேள்விகளுக்கு வந்தார். அவர் சிங்களத்தில் கேட்டதை நான் அக்காவிடம் தமிழில் சொன்னேன். அவள் சொன்னதைத் திருப்பிச் சிங்களத்தில் சொன்னேன்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முகத்தைப் பார்ப்பாளா? உரத்த சத்தத்துக்குக் காதைப் பொத்துவாளா? எப்போதும் ஒரே சாப்பாடுதானா? வைத்த சாமான் இடம் மாறினால் என்ன செய்வாள்?

இப்படி மொழிபெயர்ப்பது எனக்குப் புதிதல்ல. பொலிசிலும் தபால் கந்தோரிலும் தோட்டத்து ஆட்களுக்காகச் செய்திருக்கிறேன். இந்த முறை ஒரு வித்தியாசம் இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் அக்கா பதில் சொல்லும் முன்பே எனக்குள் ஒரு பதில் இருந்தது. பிள்ளையைப் பற்றிய பதில் அல்ல. அதை நான் சொல்லவில்லை. அக்காவின் பதில் வந்ததும் அதைச் சொன்னேன். பெரும்பாலும் இரண்டும் ஒன்றாக இருந்தன.

குடும்பத்தில் வேறு யாராவது இப்படி இருந்திருக்கிறார்களா என்று டொக்டர் கேட்டார். நான் கேட்டேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. தரையில் இருந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எந்தங்கச்சி சின்னதுல இப்புடித்தான் இருந்துச்சி. இப்ப டீச்சரா இருக்கு."

அவருடைய தங்கை ஒருவர் சிறுவயதில் இப்படித்தான் இருந்தாராம், இப்போது ஆசிரியை என்று நான் டொக்டரிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். அந்தத் தங்கையைப் பற்றிச் சொல்லச் சொன்னார். எப்போது பேசத் தொடங்கினார்?

"நாலு வயசு வரைக்கும் வாயத் தொறக்கல. தொறந்தப்ப ரேடியோல செய்தி வாசிக்கிறவங்க மாதிரி பேசுச்சி. 'அம்மா, மழை பெய்துகொண்டிருக்கிறது'ன்னுச்சி. லயமே சிரிச்சிச்சி. அப்ப வச்ச பேருதான் ரேடியோ."

சிங்களத்திலும் செய்தி வாசிக்க என்று ஒரு மொழி உண்டு. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அதில் சொன்னேன். டொக்டர் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். பெயருக்கான காரணத்தை நான் அன்றுதான் அறிந்தேன்.

உடுப்பு, படுக்கை பற்றிக் கேட்டார். தோட்டத்தில் கொடுத்த கம்பளி மேலே பட்டாலே தங்கச்சி கத்தும், பனியில் பல் கிட்டினாலும் அம்மாவின் பழைய சேலையைத்தான் போர்த்தும் என்று அக்கா சொன்னாள். ரொட்டியில் தேங்காய்ச் சம்பல் தொட்டுவிட்டால் அந்த ரொட்டியைச் சாப்பிடாது. கலியாணம் முடித்தவரா என்று டொக்டர் கேட்டார்.

"பொண்ணு பாக்க வந்தாங்க. எங்க பையனப் புடிச்சிருக்கான்னு கேட்டாங்க. 'பாத்து பத்து நிமிஷந்தானே ஆச்சு, எப்புடித் தெரியும்'னுச்சி. தேத்தண்ணிகூட குடிக்காம எந்திரிச்சிப் போய்ட்டாங்க."

அது 1978இல் நடந்தது. அந்தப் பதிலில் என்ன பிழை என்று அன்றைக்கு யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

துக்கம், சந்தோஷம் வந்தால் மற்றவர்களைப் போல வெளியில் காட்டுவாரா என்பது அடுத்த கேள்வி. அறையின் மூலையில் கை கழுவும் தொட்டி இருந்தது. குழாயின் கழுத்தில் யாரோ துணி கட்டியிருந்தார்கள். தண்ணீர் துணி வழியாகச் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா செத்தப்ப அழுவல. பொணத்த வச்சிக்கிட்டு நாங்கள்லாம் கதறுறோம். இது எங்கிட்ட வந்து சோறு எத்தன மணிக்குன்னு கேக்குது. அறைஞ்சிட்டேன்." பிறகு சொன்னாள்: "அறைஞ்சிருக்கக் கூடாது."

தாய் இறந்தபோது அவர் அழவில்லை, சோறு எத்தனை மணிக்கு என்று கேட்டார், மூத்தவர் அறைந்தார் என்று மொழிபெயர்த்தேன். கடைசி வாக்கியத்தை மொழிபெயர்க்கவில்லை. அது டொக்டருக்குச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

அம்மா இறந்தது 1970. எனக்குப் பதினாறு வயது. தினமும் ஏழு மணிக்கு அம்மா சோறு போடுவார். அன்று ஏழு மணியாகியும் அடுப்பு பற்றவில்லை. அதற்குப் பிறகு என்னவெல்லாம் நடக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்குப் பசிக்கவில்லை. அடுத்து வருவதைத் தெரிந்துகொள்ள என்னிடம் இருந்த ஒரே கேள்வி அதுதான். அறை இடது கன்னத்தில் விழுந்தது. அப்போது எதுவும் தோன்றவில்லை. டொக்டரின் அறையில் அதைச் சிங்களத்தில் சொன்னபோதும் தோன்றவில்லை.

டொக்டர் சொன்னார்: அடுத்த மாதம் அந்தத் தங்கையை அழைத்து வாருங்கள். அவரைப் பார்த்த பிறகு பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிறேன்.

இதை அக்காவிடம் சொன்னேன். அடுத்த மாதத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை இருந்தது. அவள் முதல் தடவையாக என்னைப் பார்த்தாள். சொல்லிவிடு என்று அவள் கேட்கவில்லை.

"அந்தத் தங்கை நான்தான்" என்று டொக்டரிடம் சிங்களத்தில் சொன்னேன்.

அவர் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். யாராவது என்னைப் பார்த்தால் நான் அவர்களுடைய இரண்டு புருவங்களுக்கும் நடுவில் பார்ப்பேன். அப்படியே பார்த்தேன். என்னிடம் சில கேள்விகள் கேட்கலாமா என்று அவர் கேட்டார். ஃபெக்டரிச் சங்கு ஊதும்போது என்ன செய்வீர்கள்? நேரம் தெரியும், அதற்கு முன்பே பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் போய்விடுவேன் என்றேன். ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேச யார் பழக்கினார்கள்? பேட்டி எடுக்கும்போது இடையிடையே நிமிர்ந்து பார்க்கச் சொல்லிப் பத்திரிகையில் ஒருவர் சொன்னார் என்றேன். அவர் தலையாட்டினார். சிரிக்கவில்லை.

பிறகு பிள்ளையைக் காட்டி ஆங்கிலத்தில் ஒரு சொல் சொன்னார். எழுத்துக்கூட்டிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆட்டிசம். எனக்கும் அதுவா என்று கேட்டேன். தான் வளர்ந்தவர்களைப் பார்ப்பதில்லை, இருக்கலாம் என்றார். ஒரு வருடம் உங்கள் பள்ளிக்கூடத்தில், நீங்கள் இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள் என்று கடிதம் எழுதினார்.

நடைபாதைக்கு வந்ததும் அக்கா கேட்டாள்.

"என்னா சொன்னாரு?"

"பாப்பாவப் பள்ளிக்கூடத்துல சேக்கலாமாம்."

"ஒன்னப் பத்தி?"

"இருக்கலாம்னாரு."

"என்னா இருக்கலாம்?"

"பாப்பா மாதிரி."

"இதச் சொல்றதுக்கு ஒரு ஆளு கண்டியிலருந்து வரணுமாக்கும்" என்றாள் அக்கா.

அந்தச் சொல்லுக்கு என்னிடம் அன்று தமிழ் இல்லை. சில வாரங்களுக்குப் பிறகு ஹட்டனில் ஒரு நூலகத்தில் மருத்துவக் கலைக்களஞ்சியத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அரைப் பக்கம் இருந்தது. முழுவதும் சிறுவர்களைப் பற்றி. சிறுமிகளைப் பற்றி ஒரு வரி. வளர்ந்த பெண் யாரும் அதில் இல்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனேன். இன்றுவரை யாரும் என்னைப் பரிசோதித்து எதையும் எழுதித் தரவில்லை. நானும் போகவில்லை. டொக்டர் சொன்ன "இருக்கலாம்" என்பதற்கு மேல் இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றும் இல்லை. ஆனால் நடைபாதையில் மூக்கைப் பொத்தியது முதல் அம்மாவின் சாவு வரைக்கும், அதுவரை தனித்தனியாகக் கிடந்தவற்றை அதற்குப் பிறகு நான் ஒன்றாகத்தான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று மாலை லயத்துக்குத் திரும்பினோம். மச்சான் கடிதத்தை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். ஆங்கிலத்தில் இருந்ததால் நான் வாசித்துச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் என்னைப் பற்றிப் பேசியதை அக்கா சொன்னாள். அவர் ஆச்சரியப்படவில்லை.

"மறுபடி தண்டவாளத்துக்குப் போனா?"

காலையில் நானே கூட்டிப்போய் நானே கூட்டி வருவேன் என்றேன். கையைப் பிடித்தால் கத்துவாளே என்றார். சட்டையைப் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். அவர் கடிதத்தை மடித்து என்னிடமே தந்தார். "ஒரு வருஷம் பாப்போம்" என்றார்.

அவருடைய அம்மா செபமாலையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒரு ரேடியோ பத்தாதுன்னு இன்னொண்ணா" என்றார். "நெசமான ரேடியோவாவது பாடும். இது அதுவும் இல்ல."

அக்கா ரொட்டி சுட்டாள். பிள்ளைக்கும் எனக்கும் சம்பலை வேறு தட்டில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் கண்டிக்குப் போகவில்லை. இல்லத்தில் இருந்த அந்த இடம் பூண்டுலோயாவிலிருந்து வந்த ஒரு பிள்ளைக்குக் கொடுக்கப்பட்டது.