ஜெபல் அலியில் ஒரு கலாஸ்

எங்கள் மாமாவின் கல்யாணம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், துபாயின் ஜெபல் அலி மணலில், கிரிக்கெட் மட்டையால் முடிவானது. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஒரு கிடங்கில் பகல் டூட்டி, தொழிலாளர் கேம்ப்பில் வாசம். அதே ரூமில் அவருக்குக் கீழ்க்கட்டிலில் படுத்தவர் இராமநாதபுரத்துக்காரர், நைட் டூட்டி. ஆவணியில் லீவு வேண்டும் என்று இருவரும் கேட்டிருந்தார்கள். ஒருவருக்குத்தான் தருவேன் என்று மேனேஜர் கையை விரித்துவிட்டார். சீட்டுக் குலுக்கினால் சண்டை வருகிறதென்று, பகல் டூட்டியும் நைட் டூட்டியும் மேட்ச் ஆடுவது, ஜெயித்த பக்கத்துக்கு லீவு என்று கேம்ப்பிலேயே பேசி முடித்தார்கள்.

மாமாவுக்குப் பெண் பார்த்தாகிவிட்டது. ஆவணிக்குள் தாலி ஏற வேண்டும் என்று பெண் வீட்டார் ஒற்றைக்காலில் நின்றார்கள். கீழ்க்கட்டில்காரரின் அப்பா ஊரில் படுத்த படுக்கை. முந்தின வாரம் மாமாவோடு எங்கள் ஃபிளாட்டுக்குச் சாப்பிட வந்தவர், அம்மா வைத்த மீன்குழம்பைத் தொடாமலே கை கழுவிவிட்டார். நல்ல வஞ்சிரம் வீணாகிறதே என்பதுதான் அன்று எனக்கு வருத்தம்.

கிரிக்கெட்டை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மாமாதான். ஃபிளாட் நடையில் சாக்பீஸால் கோடு போட்டு, பெண் பிள்ளை என்றும் பாராமல் ஓடவிடுவார். பாதியில் நான் நின்றால், “மட்டை கோட்டைத் தொடணும் பாப்பா. அதுவரைக்கும் கலாஸ் கிடையாது” என்பார். கலாஸ் என்றால் முடிந்தது என்பதும் அவர் சொல்லித் தெரிந்ததுதான்.

மேட்ச் கடைசிப் பந்துவரை இழுத்தது. ஸ்கோர் சமம். ஒரு ரன் எடுத்தால் எங்கள் பக்கம். இல்லாவிட்டால் முதலில் ஆடிய நைட் டூட்டிக்கே ஜெயம் என்பது கேம்ப் சட்டம். மட்டை மாமா கையில், பந்து கீழ்க்கட்டில்காரர் கையில். மாமா நேராக அடித்தார். தடுக்கக் குனிந்தவரின் காலுக்கிடையில் பந்து போய்விட்டது. அவர் அப்படியே மணலில் உட்கார்ந்து, “கலாஸ்” என்றார். கத்தவில்லை, முனகினார்.

ஓடி வந்த மாமா அவர் பக்கத்தில் நின்றுவிட்டார். கோடு எட்டிவிடும் தூரம். யல்லா யல்லா, ஓடு ஓடு என்று எல்லோரும் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். பின்னாலிருந்த பட்டான் பையன் பந்தைப் பொறுக்கி ஸ்டம்ப்பில் எறிந்தான். அவ்வளவுதான்.

“கலாஸ்னு கேட்டுச்சு. மேட்ச் முடிஞ்சிருச்சுன்னு நின்னுட்டேன்” என்றார் மாமா, தலையைச் சொறிந்தபடி. கேம்ப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து அவர் பெயரே கலாஸ். ஆறு வருஷம் இங்கே குப்பை கொட்டியும் புத்தி வரவில்லையே என்று அம்மா அழுதாள். பெண் வீட்டார் காத்திருக்கவில்லை. அந்தச் சம்பந்தம் கைநழுவிப் போனது. கீழ்க்கட்டில்காரர் ஊருக்குப் போய், தன் அப்பாவுக்கு நாலு வாய் கஞ்சி ஊட்டினாராம், கடைசியாக.

அன்று மேட்ச் முடிந்து அப்பாவின் காரில் திரும்பும்போது பின்சீட்டில் மாமா என் பக்கத்தில் இருந்தார். எனக்கு ஒரே கோபம். “கோட்டைத் தொட்டாத்தானே மாமா கலாஸ்? நீங்கதானே சொன்னீங்க?” என்று அவர் காதில் கேட்டேன்.

மாமா என் பக்கம் குனிந்தார். “பரவாயில்லையே, உனக்குத் தெரிஞ்சிருக்கு. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத” என்றார்.

என் கிரிக்கெட் அறிவைத்தான் மெச்சுகிறார் என்று நினைத்து, வீடு வரும்வரை நான் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.