கிசோகாவின் கீழ்ப்பற்கள்

பிவெனுக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டாள். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டிக்கொள்வாள். மாதம் ஒருமுறை அவளை லொரெங்காவ் நகரிலிருந்து எங்கள் தீவுக்குப் பல் வைத்தியம் பார்க்கப் படகில் கூட்டிவருகிறவன் நான். ஒரே காலையில் ஒரு பெட்டி கையுறை தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாக் கோபத்துக்கும் காரணம் ஒன்றுதான். பல்லில் பிடிக்கும் காரை. எங்கள் தீவில் பாக்கு மெல்லாத வாய் கிடையாது. பவளத்தைச் சுட்டுப் பொடித்த சுண்ணாம்பைக் குச்சியால் தொட்டுத் தொட்டு வாயில் வைப்போம். பல்லில் படியும் வழவழப்பான அழுக்கை அன்றன்றே தேய்த்து எடுக்காவிட்டால், எச்சிலில் இருக்கும் உப்புகள் ஊறி அது கல்லாகிவிடும் என்பாள் பிவென். சுண்ணாம்பு அதற்குத் தீனி. கல்லின் சொரசொரப்பில் மேலும் அழுக்கு ஒட்டும், ஈறு வீங்கும், ரத்தம் கசியும், கடைசியில் ஈறு பல்லை விட்டு விலகும். மற்ற ஊர்க்காரன் துப்பும்போது ரத்தத்தைப் பார்த்துப் பயப்படுவான். நாங்கள் எப்போதுமே சிவப்பாகத்தான் துப்புகிறோம், எப்படித் தெரியும்?

பத்தொன்பது வருடமாக இதைச் சொல்கிறாள். பத்தொன்பது வருடமாக ஒரே பதில். "காரைதான் பல்லைப் புடிச்சு வெச்சிருக்கு. அதைப் பேத்துட்டா பல்லு ஆடும்." எரிச்சல் என்னவென்றால், அதில் பாதி உண்மை. ஈறும் எலும்பும் தேய்ந்தபிறகு, ஆடும் பற்களை ஒன்றோடொன்று கட்டி வைத்திருப்பது அந்தக் கல்தான். சுரண்டி எடுத்தால் ஆட்டம் வெளியே தெரிந்துவிடும். பழி பிவென் தலையில் விழும்.

ஊராருடையது போகட்டும், தன் அண்ணன் கிசோகாவின் கீழ்வரிசை முன்பற்கள் நான்கையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று அவள் தவித்தாள். அவன்தான் அவளைச் சின்ன வயதில் வாரம் தவறாமல் பள்ளிக்கூடத் தீவுக்குத் துடுப்புப் போட்டுக் கொண்டுபோய் விட்டவன். ஆனால் எங்களில் தங்கை அண்ணனைக் கண்டித்துப் பேசக் கூடாது. அவன் உடம்பைப் பற்றி வாய் திறப்பது அதைவிடத் தப்பு. அத்தை மகன் எதையும் பேசலாம், எவ்வளவும் கேலி செய்யலாம். நான் அவர்களுக்கு அத்தை மகன்.

"போமட், நீ சொன்னாத்தான் கேப்பான். எப்படியாவது உக்கார வை" என்று என்னிடம் கெஞ்சினாள்.

"டேய் மச்சான், உன் வாயில மீனு குடியேறிடும்போல இருக்கு, அவ்வளவு பாறை!" என்றேன், பத்துப் பேர் நடுவில். கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்தான். ரோஷத்தில் போய் பிவெனின் வைத்திய நாற்காலியில் உட்கார்ந்தான்.

அண்ணன் வாயில் தங்கை கை வைப்பதா என்று சிலர் முகம் சுளித்தார்கள். பிறகு, அது அவள் வேலை என்று விட்டுவிட்டார்கள். பிவென் வாயே திறக்காமல் சுரண்டினாள். மேல்பற்கள் முடிந்து கீழே வந்து, ஓரத்தில் இரண்டு துண்டு பெயர்ந்ததும் கிசோகாவ் நாக்கால் தள்ளிப் பார்த்தான். பல் அசைந்தது. துள்ளி எழுந்துவிட்டான்.

"நான் சொன்னேன்ல? ஆட்டிவிட்டுட்டாளே!"

அடுத்த மாதம் நாங்கள் போனபோது அவன் உதட்டை இழுத்துக் காட்டினான். பெயர்ந்த இடத்தில் சுண்ணாம்பைக் குழைத்து அப்பி வைத்திருந்தான். தினமும் அப்புகிறானாம். கல் திரும்ப வளர்ந்துவிடுமாம். ஈறு வெந்து தோல் உரிந்திருந்தது. பிவென் கையுறையைக் கழற்றி எறிந்தாள். என்னை முறைத்தாள்.

"மச்சான், நெசமா சொல்றேன், அது ஈறைத் தின்னுடும்டா" என்றேன். என் வாழ்நாளில் அவனிடம் அவ்வளவு அக்கறையாகப் பேசியதில்லை.

"போடா! உன் பேச்சைக் கேட்டுத்தான் அன்னிக்கு உக்காந்தேன்" என்று என் முதுகில் அறைந்துவிட்டுப் போனான்.

ஐந்தாவது மாதம் வரிசையில் முதல் ஆளாக நின்றான். கையில் ஒரு இலைப் பொட்டலம். பிரித்தால் நான்கு பற்கள், காரையோடு ஒரே கட்டியாக. கிழங்கைக் கடிக்கும்போது மொத்தமாகப் பெயர்ந்து வந்துவிட்டதாம். அவன் முகத்தில் வருத்தமே இல்லை, ஜெயித்த பெருமைதான் இருந்தது.

"பாரு தங்கச்சி, கடைசி வரைக்கும் நாலும் பிரியல. கல்லு விடவே இல்ல."

பிவென் என்னைப் பார்த்தாள், சொல்லு என்பதுபோல. நான் தலையைக் குனிந்துகொண்டேன். சட்டென்று அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"கல்லு விடலண்ணே! ஈறுதான் விட்டுடுச்சு. ஈறைத் தள்ளினதே இந்தக் கல்லுதான். ஒன்னோட பிடிவாதம்தான்! நாலு பல்லும் நின்னிருக்கும், என்னை முடிக்க விட்டிருந்தா! கொஞ்ச நாள் ஆடியிருக்கும், அப்புறம் ஈறு இறுகியிருக்கும்!"

ஒரு தங்கை இப்படிக் கத்தி எங்கள் தீவில் யாரும் கேட்டதில்லை. அவன் அடிக்கப்போகிறான் என்றே நினைத்தேன். கிசோகாவ் கையிலிருந்த கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓட்டை வாயில் காற்று போக, மெதுவாகக் கேட்டான்.

"இதை நீயே ஏம்மா அன்னிக்குச் சொல்லல? இவன் சொன்னதை நான் விளையாட்டுன்னுல்ல நெனச்சேன்."