அம்பூரி இறக்கத்தில் நியூட்ரல்

அம்பூரி இறக்கத்தின் உச்சியில் மணி பத்து ஐம்பது. பிரேக்கின் காற்றழுத்த முள் எட்டில் நின்றது. இவ்வளவையும் அன்றைக்கே டைரியில் எழுதிவிட்டேன். மீதியை எழுத இரண்டு நாள் ஆயிற்று.

இருபத்தாறு வருடமாக லாரி ஓட்டுகிறேன். நான் ஓட்டிவந்த ரப்பர் லாரியை முதலாளி விற்றுவிட்டு அமோனியா டேங்கர் வாங்கினார். பயிற்சிச் சான்று இல்லாதவனிடம் அதன் சாவியைத் தர முடியாது என்றார். மூன்று நாள் பயிற்சியில் கடைசிச் சோதனை இந்த இறக்கம். மணல் மூட்டை ஏற்றிய லாரி. பக்கத்தில் பயிற்றுநர், என்னைவிடப் பத்து வயதாவது இளைய பெண். பின்னால், எனக்கு அடுத்து ஓட்ட வேண்டிய பாறசாலைக்காரர்.

ஏறும்போது என்ன கியரோ அதே கியரில் இறங்க வேண்டும், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும் என்பது முதல் நாள் பாடம். எங்கள் பக்கத்தில் சரக்கோடு மலையிறங்குகிறவர்கள் கியரை எடுத்துவிட்டு நியூட்ரலில்தான் விடுவார்கள். டீசல் மிஞ்சும். மிஞ்ச வைப்பவனுக்கே நல்ல டிரைவர் என்று பெயர். எனக்கு அந்தப் பெயர் உண்டு. ஆனாலும் பாடத்தை நோட்டில் எழுதி அடிக்கோடும் இட்டிருந்தேன்.

மூன்றாவது கியரில் முதல் வளைவு நன்றாகவே கழிந்தது.

"இப்பிடியே விடுங்க அண்ணே," என்றார் பயிற்றுநர்.

"இருபத்தாறு வருசமாக்கும். அவரு தூங்கிட்டே இறக்குவாரு," என்றார் பாறசாலைக்காரர்.

சிரித்தேன். எஞ்சின் சத்தம் அடங்கிய பிறகுதான் என் கை கியரை நியூட்ரலுக்குத் தள்ளியிருந்தது எனக்கே தெரிந்தது.

லாரி பாய்ந்தது. பிரேக்கை மிதித்தேன், விட்டேன், மறுபடி மிதித்தேன். முள் ஏழு, ஆறரை, ஆறு. மூன்றாவது கியருக்குத் தள்ளினேன்; விழவில்லை, கியர்ப் பல் கடிபடும் சத்தம் மட்டும் வந்தது. எதிரே ஒரு ஜீப் ஏறி வந்தது. முள் ஐந்தரையைத் தொட்டதும் எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கியது.

"விட்டு விட்டு மிதிக்காதீங்க," என்றார் பயிற்றுநர், குரலை உயர்த்தாமல். "காத்து தீந்துரும். ஒரே மிதி. பிடிச்சிட்டே இருங்க."

பிடித்தேன். வேகம் குறைந்தது. மூன்றாவது விழுந்தது. ஜீப்புக்கும் லாரியின் பக்கக் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்திருக்கும்.

சமதளத்தில் நிறுத்தியதும் பயிற்றுநர் சோதனைத் தாளை எடுத்தார். "எப்பிடி நியூட்ரல் ஆச்சு?"

"கியர் தானா தெறிச்சுப் போச்சு," என்றார் பாறசாலைக்காரர் முந்திக்கொண்டு. "பழைய வண்டியாக்கும். இல்லியா மக்கா?"

வண்டிக் கோளாறு என்றால் அன்றே இன்னொரு வாய்ப்பு உண்டு. எங்கள் மூவருக்கும் அது தெரியும்.

"இல்ல. நானாக்கும் தள்ளினது," என்றேன். "தள்ளினதே தெரியல்ல."

"தெரிஞ்சு தள்ளியிருந்தா திட்டிட்டு விட்டிருப்பேன் அண்ணே. தெரியல்லங்கிறதுக்குத்தான் இத எழுதுறேன்." தேறவில்லை என்று எழுதினார். அடுத்த சோதனைக்கு ஒரு மாதம்.

முதலாளிக்குப் போன் செய்தேன். "திங்கக்கிழமை டேங்கர் ஓடணும். வேற ஆள பாக்கேன்," என்றார்.

நெய்யாற்றின்கரையில் பஸ் ஏறினேன். அமரவிளை இறக்கத்தில் எஞ்சின் சத்தம் சட்டென்று அடங்கியது. பக்கத்துச் சீட்டுக்காரர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலடிப் பலகையைப் பிரேக் போல ஒரே மிதியாக மிதித்தபடி ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பதினொன்றில் பஸ்ஸுக்குக் கியர் விழுந்தது.