சடை பட்டால் ஃபவுல்

தலைமுடி பட்டால் ஃபவுல் என்று கேரம் விளையாட்டில் எங்கே விதி இருக்கிறது என்று இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கை பட்டால் சரி. சட்டையின் கை பட்டால் அதையும் ஒப்புக்கொள்ளலாம். சடை பட்டால் என்று ஒருவரும் எனக்குக் காட்டவில்லை. இப்போது பிள்ளைகள் செல்போனிலேயே கேரம் ஆடுகிறார்கள். அதில் சடை விழவும் வழியில்லை, சொந்தச் சித்தப்பா அம்பயராக வந்து நிற்கவும் வழியில்லை. எனக்கு இரண்டும் நடந்தது.

எனக்கு அப்போது பதினோரு வயது. திண்டுக்கல்லில் மலைக்குப் பின்பக்கத் தெருவில் எங்கள் வீடு. அப்பாவின் தம்பி, கல்யாணமாகாதவர், எங்களோடு இருந்தார். பேக்கரியில் ரொட்டியும் பன்னும் எடுத்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு சாணார்பட்டி வரை கடைகடையாகப் போட்டு வருவது அவர் வேலை. சாயங்காலம் வந்ததும் காலி ரொட்டிப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் கேரம் போர்டை வைப்பார். எதிரில் நான் முட்டி போட்டு உட்காருவேன். வீட்டு ஆட்டத்தில் விதி என்று பெரிதாக எதுவும் கிடையாது. யார் காயை வேண்டுமானாலும் யாரும் போடலாம். பாவாடையோ வளையலோ பட்டுக் காய் நகர்ந்தால், "தள்ளி வை ஆத்தா" என்பார், அவ்வளவுதான். அவர் தோற்கிற மாதிரி இருக்கும்போது மட்டும் புதிதாக ஒரு விதி வரும். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அந்த வருஷம் பொங்கலுக்குத் தெரு மன்றத்தில் கேரம் போட்டி வைத்தார்கள். முதல் பரிசு எவர்சில்வர் குடம். எங்கள் வீட்டுக் குடத்தின் அடியில் தார் வைத்து ஓட்டையை அடைத்திருந்தோம். அம்மா குழாயடியிலிருந்து இடுப்பில் வைத்துத் தூக்கி வருவதற்குள் சேலை நனைந்துவிடும். அந்தக் குடத்தை ஜெயித்து அம்மா இடுப்பில் வைப்பது என்று நான் முடிவு செய்தேன். என் பெயரையும் கொடுக்கச் சொன்னேன்.

சித்தப்பா சிரித்துக்கொண்டே கொடுத்தார். "முத ஆட்டத்துலயே வெளிய வந்துரும் மதினி. அழுதா மட்டும் என்கிட்ட சொல்லாதீக" என்றார்.

அம்மா அடுப்படியை விட்டுத் திரும்பவில்லை. "பொம்பளப் பிள்ள ஜெயிச்சாலும் குடத்தக் குடுப்பாகளா? அத மட்டும் கேட்டுட்டு வாங்க தம்பி."

பள்ளிக்கூடத்துக்கு எனக்கு இரட்டைச் சடை பின்னி, மடித்துக் காதோரம் ரிப்பன் கட்டிவிடுவார் அம்மா. போட்டியன்று நாலு பேர் பார்க்கிற இடம் என்று ஒற்றைச் சடையாகப் பின்னி, நுனியில் குஞ்சலம் வைத்துத் தொங்கவிட்டார். முட்டிவரை வந்தது.

மன்றத்தில் எல்லாமே வேறாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்துதான் ஆட வேண்டும், எழும்பக் கூடாது. எனக்குக் கால் தரையில் எட்டவில்லை. முதல் ஆட்டத்தில் எதிரே பேகம்பூர் தோல்மண்டிக்காரர் ஒருவர். எனக்கு வெள்ளை. எடுத்த எடுப்பில் ஒரு கறுப்பை அழகாகக் குழிக்குள் தள்ளிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். மன்றமே சிரித்தது.

"ரொம்ப சந்தோசம் பாப்பா. அது என் காயி" என்றார் அவர்.

அவரவர் நிறத்தை அவரவர்தான் போட வேண்டும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். சிரித்தவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆடினேன். தோல்மண்டிக்காரர் தோற்றுப் போய், என் நாற்காலியில் போட்டுக்கொள்ளத் தன் துண்டை மடித்துக் கொடுத்துவிட்டு, எனக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். அடுத்து வந்தவர்களும் தோற்றார்கள். சும்மா வீட்டில் ஆடுகிற பிள்ளை என்று பேசினவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டேன்.

எதிரே சாணார்பட்டிக்காரர். எங்கள் தெருப் போட்டிக்கு அவரை சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்ததே சித்தப்பாதான். அந்த ஆட்டத்துக்கு அம்பயரும் அவரேதான். "அண்ணன் மகளுக்கு நீயே அம்பயரா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஆட்டம்னு வந்துட்டா எனக்கு அண்ணன் மகளும் ஒண்ணுதான், அசலூர்க்காரரும் ஒண்ணுதான்" என்றார். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

போர்டில் எனக்கு ரெட்டும் ஒரு வெள்ளையும் மிச்சம். அவருக்கு இரண்டு கறுப்பு. ரெட்டைப் போட்டேன். ஃபாலோவுக்கு அந்த வெள்ளையைப் போட்டுவிட்டால் குடம் என்னுடையது. வாசலில் பெண்களோடு அம்மா நிற்பது தெரிந்தது. குனிந்து அடித்தேன். வெள்ளை விழுந்தது. அதே நேரம் என் சடை தோளிலிருந்து வழுக்கிப் போர்டில் விழுந்து, குஞ்சலம் ஒரு கறுப்பைத் தொட்டது. நகர்த்தக்கூட இல்லை, தொட்டது.

"ஃபவுல்" என்றார் சித்தப்பா.

ரெட்டை எடுத்து நடுவில் வைத்தார். வெள்ளையை வெளியே எடுத்தார். அபராதமாக இன்னொரு வெள்ளையையும் எடுத்து வைத்தார்.

"வீட்ல பட்டா தள்ளி வைன்னுதான சொல்லுவீக" என்றேன்.

"அது வீடு. இது மன்றம்."

தோல்மண்டிக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார். "முடி பட்டா ஃபவுல்னு எங்கய்யா இருக்கு? நாளைக்கு என் தாடி பட்டா?"

"உம்ம தாடி போர்டு வரைக்கும் வரட்டும் பாய், அன்னைக்குப் பேசுவோம்" என்றார் சித்தப்பா. எல்லோரும் சிரித்ததில் என் நியாயம் காணாமல் போயிற்று.

சாணார்பட்டிக்காரருக்கே மனசில்லை. "விடுங்க தம்பி, சின்னப் பிள்ள" என்றார். சித்தப்பா விடவில்லை. "நீங்க ஆடுங்கண்ணே" என்றார். தெருவில் ஒருவரையும் மரியாதை கொடுத்துப் பேசி அறியாதவர், அவரை வாங்க போங்க என்றார். அவர் ஆடினார், ஜெயித்தார். குடத்தைத் தூக்கி அவர் கையில் கொடுத்து, தோளில் கைபோட்டுப் பரோட்டா கடைக்குக் கூட்டிப் போனார் என் சித்தப்பா. நான் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை.

அம்மா தார் வைத்த குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். அதற்குப் பிறகு சித்தப்பா எனக்கென்று கொண்டுவந்த பன்னையெல்லாம் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டேன். போர்டுப் பக்கம் போகவே இல்லை.

வைகாசியில் சித்தப்பாவுக்கு சாணார்பட்டியில் பெண் பேசி முடித்தார்கள். பெண்ணுக்கு அப்பா இல்லை, அண்ணன் சரி என்றால்தான் சரி. அந்த அண்ணன் வேறு யாருமில்லை, குடத்தைக் கொண்டுபோனவர்தான். பையன் நேர்மையானவர் என்று எங்கள் வீட்டுக்கே வந்து சொன்னாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு வார்த்தை பேசினதில்லை, பெரியவர்கள் பார்த்து முடித்த இடம் என்று அம்மா ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னார்.

ஆவணியில் கல்யாணம். சீர் வரிசையில் முதலில் நின்றது எவர்சில்வர் குடம். கழுத்தில் எங்கள் மன்றத்தின் பெயர் வெட்டியிருந்தது. "அது என் குடம்" என்றேன். "சீர் வந்த எடத்துல வாயத் தொறக்காத" என்று அம்மா கிள்ளினார். பிறகு பல வருஷம் அந்தக் குடத்தில்தான் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வந்தது. சித்தியும் தங்கமானவர், இன்றுவரை என்னிடம் முகம் கோணியதில்லை. இருக்கட்டும். குடம் வந்து சேர்ந்தது என்பதற்காக ஃபவுல் சரியாகிவிடாது.

கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் புதுச் சித்தி என்னைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்துத் தலை பின்னிவிட்டார். பின்னி முடித்ததும் சடையைக் கையில் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"இதானா அந்தச் சடை? பொங்கல்லருந்து சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டாக. செத்த நேரம் ஆடாம இரு, மடிச்சுக் கட்டிவிடுறேன். இனிமே எதுலயும் படாது."

வருத்தப்பட்டார் என்றால் ஃபவுல் தப்பு என்று சித்தப்பாவுக்கே தெரிந்திருக்கிறது. அது போதும் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வைகாசியில் பேசி முடித்த பெண்ணிடம் பொங்கலிலிருந்து யார் சொல்லியிருக்க முடியும் என்று கேட்க அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.