ஷோகேஸுக்கு அளவெடுத்த லேப்டாப்

அக்காவின் லேப்டாப் என்றாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, கடையில் அவள் மாமியார் கைப்பையிலிருந்து எடுத்த தையல் டேப்தான். ஸ்ரீரங்கத்து வீட்டு ஷோகேஸில் டிவிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி, அளவெடுத்து, பூப்போட்ட உறைகூடத் தைத்து வைத்துவிட்டுத்தான் அவர் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்கு வந்திருந்தார். ஃப்ரிட்ஜானாலும் மிக்ஸியானாலும் உறை போடாமல் அந்த வீட்டில் எதுவும் குடியேறியதில்லை.

வாங்குவதோ அக்காவின் வேலைக்கு. கல்யாணத்துக்கு முன்பு அவள் கட்டட வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவள். பிள்ளைகள் வளர்ந்த பிறகு கே.கே. நகர் இன்ஜினியர் ஒருவர், "சொந்த லேப்டாப்போட வந்தீங்கன்னா வேலை இருக்கு. சைட்டுக்கும் தூக்கிட்டு வரணும்" என்று சொல்லியிருந்தார். அது கைநழுவிவிடக் கூடாதே என்று அவளைவிட எனக்குத்தான் படபடப்பு.

என்ன வேலைக்கு என்று கடைக்காரப் பையன் கேட்டதும், அக்காவைத் தவிர எல்லோரும் பதில் சொன்னார்கள். அவள் கணவருக்குக் கணக்குப் போட நம்பர் பட்டன்கள் தனியாக வேண்டும். மகனுக்கு கேம். மாமியாருக்கு சீரியல் பார்க்கப் பெரிய திரை, ஆனால் ஷோகேஸுக்குள் அடங்க வேண்டும். ஊர் கூடித் தேர் இழுக்கலாம். லேப்டாப் வாங்கக் கூடாது. கடைசியில் டேப்புக்குக் கச்சிதமாக அமைந்த ஒன்றை பேக் பண்ணச் சொல்லிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள். "தம்பி, இத ஒரு தடவ அதுல தெறந்து காட்டுங்களேன்" என்று பென்டிரைவை நீட்டினாள். என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் கம்ப்யூட்டரில் கைப்பழக்கத்துக்காக அவள் போட்டுவந்த வரைபடம் அது. திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"இதுல ராம் கம்மி மேடம், தனி கிராஃபிக்ஸ் கார்டும் இல்ல. இந்த வேலைக்கு பதினாறு ஜிபியாவது வேணும்" என்று அந்தப் பையன் அதைவிடப் பெரிய வேறொன்றில் போட்டுக் காட்டினான். பட்டென்று ஒரு வீடு விரிந்தது. அக்கா மவுஸை உருட்டிக் கூடம், மாடிப்படி, சமையலறை என்று உள்ளே போய்க்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு களையைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று!

"இது நம்ம அடுப்படி மாதிரில்ல இருக்கு?" என்றார் மாமியார்.

"நம்ம அடுப்படிதாங்க அத்தை. கிழக்கால ஒரு ஜன்னல் வச்சா உங்களுக்கு வெக்கை தெரியாதேன்னு போட்டுப் பாத்தேன்."

மாமியார் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். "என்னடா பாத்துட்டு நிக்கிற? அவ சொல்றத எடு" என்று தன் மகனை, அக்காவின் கணவரை, அதட்டினார். அது ஷோகேஸில் நுழையாது என்று நான் சீண்டினேன். "நுழையாட்டிப் போவுது, வேலைக்குப் போறது எதுக்கு ஷோகேஸுல உக்காரணும்?" என்றார்.

இன்று திருவானைக்காவலிலும் பொன்மலையிலும் அக்கா வரைந்த வீடுகள் நிற்கின்றன. போன வாரம் நான் போனபோதும் அவள் வீட்டில் இல்லை. சமையலறையின் கிழக்கு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, மாமியார் பக்கத்து வீட்டு அம்மாளிடம் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்: "எங்க இன்ஜினியரம்மா சைட்டுக்குப் போயிருக்கா. சாயங்காலமா வாங்க, உங்களுக்கும் ஒரு ஜன்னல் போடச் சொல்றேன்."